மணலை மூடும் வண்டல் ஆடை

கல்வராயன் மலையில் பிறந்து கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு இறங்கும் கோமுகியும் மணிமுக்தாவும் ஆண்டுக்குச் சில வாரங்களே பெருகி ஓடும் ஆறுகள். மற்ற மாதங்களில் அவற்றின் உயிர் மணலுக்கு அடியில் நிற்கும் நீர்தான். கரையோரக் கிணறுகளுக்கும் அதுவே ஊற்று. எனவே, ஆற்றில் எவ்வளவு நீர் வந்தது என்று கேட்டால் மட்டும் போதாது. வந்த நீர் மணலுக்குள் இறங்கியதா என்றும் கேட்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த படுகையில் பாலாடை போலச் சேறு படிந்திருக்கும். வெயில் ஏறியதும் அது ஓடு ஓடாக வெடித்து விளிம்பு சுருளும். அந்த ஆடைதான் மணலின் வாயை அடைக்கிறது. நீரில் பருமணல் ஒரு மீட்டர் ஆழத்தைக் கால் நிமிடத்துக்குள் கடந்துவிடும்; 0.002 மி.மீ. களிமண் துகளுக்கோ அசையாத நீரில் மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஓட்டம் வேகமாக இருக்கும்வரை அந்தத் துகள் படியாது. தளர்ந்தால் மணல் இடுக்குகளில் தங்கிவிடும். மலைச்சரிவில் மரவள்ளிக்கு உழும்போதும் கிழங்கு பிடுங்கும்போதும் மண் இளகி, மழையில் கரைந்து வருகிறது. மேலே துகள் கூடுகிறது. அதை அலசிச் செல்லும் வேகமோ கீழே குறைகிறது. 46 அடி கோமுகி அணை வெள்ளத்தைத் தேக்குகிறது. கரையோர மோட்டார்கள் படுகை நீர்மட்டத்தை இறக்குவதால், மழைக்குப் பிந்தைய மெல்லிய ஓட்டமும் சீக்கிரம் அறுந்துபோகிறது. நீரோடு துகளும் மணலுக்குள் ஆழமாக இழுக்கப்படுகிறது.

வண்டல் நல்லதுதானே என்பார்கள். வயலுக்கு நல்லது, ஆற்று மணலுக்கு அல்ல. ஒரே மண் ஓரிடத்தில் எரு, இன்னோரிடத்தில் அடைப்பு. அணையே வண்டலைப் பிடித்துக்கொள்ளுமே என்றும் கேட்கலாம். பருமணல் அங்கே தங்கும். மிக நுண்ணிய துகளில் ஒரு பங்கு உபரிநீரோடு வெளியேறும். அணைக்குக் கீழே சேரும் ஓடைகளும் உழுத மண்ணைக் கொண்டுவரும். மணல் அள்ளியதுதான் காரணம் என்பதிலும் உண்மை உண்டு. ஆனால் மணல் மெலிந்த இடத்தில் அடைப்பின் கேடு கூடுமே தவிர, குறையாது. பெருவெள்ளம் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்பது சரி. அது ஆண்டுதோறும் வருவதில்லை.

பாசனத்தை நிறுத்தச் சொல்வது இந்த வாதத்தின் நோக்கமல்ல. மலைச்சரிவில் சமமட்ட வரப்பும் புல்வரிசையும் அமைத்தால் மண் வயலிலேயே நிற்கும். அணை நிரம்பும் ஆண்டுகளில், கரையோர மக்களை முன்கூட்டியே எச்சரித்துவிட்டு, உபரியின் ஒரு பகுதியைச் சில மணி நேரம் வேகமாகத் திறந்துவிடலாம். ஆற்றங்கரையில் ஆழ்துளைக் கிணறுகளுக்கு ஓர் அளவு வேண்டும். அணையில் எத்தனை அடி நீர் என்று நாள்தோறும் பார்க்கிறோம். படுகை மணல் எவ்வளவு நீரைக் குடிக்கிறது என்பதையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது அளந்து பார்க்க வேண்டும்.