முதியோர் இல்லத்தில் இலையுதிர் காலம்

யப்பானில் 1966 இல் தேசிய விடுமுறையாகிய முதியோர் மதிப்பு நாள், 2003 முதல் செப்டெம்பர் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமையில் அனுட்டிக்கப்படுகின்றது. அன்று சிறுவர்கள் முதியோர் இல்லங்களுக்குச் சென்று பாடி மகிழ்விப்பர். முதியோரோ விருந்தினராய் அமர்ந்திருப்பர்.

இலையுதிர் காலம் முதிர்ந்ததும் நிலைமை மாறுகின்றது. துவர்ப்பு மிக்க பெர்சிமன் பழங்கள் சில இல்லங்களுக்குக் கூடை கூடையாய் வந்து சேரும். முதியோர் ஒருங்கமர்ந்து அவற்றின் தோலைச் சீவி, கயிற்றிற் கட்டி, காற்றுப்படத் தொங்கவிடுவர். சில வாரங்களில் நீர் வற்றி, துவர்ப்பு அடங்கி, பழம் இனிக்கும்.

உறவினர் பெயரை மறந்த மூதாட்டியின் கையும் கத்தி பிடித்த பழக்கத்தை மறவாதிருப்பதுண்டு. அவ்வேளை இளம் பணியாளருக்கு அவரே ஆசான்.

உணவும் மருந்தும் உடலைக் காக்கும். தம்மாலும் பிறர்க்குப் பயனுண்டு என்னும் எண்ணமே முதுமைக்கு ஊன்றுகோலாகும்.