டயரை நாமே மாற்றலாம்

1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். நம் தோட்டங்களில் வெட்டும் பாலுக்குப் பெருந்தேவை எழுந்தது அதன் பின்னரேயாம். சித்தியவான் வட்டாரத்தில் இன்று செம்பனை மிகுந்துவிட்டபோதிலும், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோர் குறையவில்லை. அவர்கள் டயர் மாற்றக் கற்றிருத்தல் நலம்.

டயரின் விளிம்பினுள் எஃகுக் கம்பி வளையம் உண்டு, அது நீளாது. ஆகவே முரட்டுத்தனமாக நெம்புவதால் டியூபே கிழியும். காற்றை முற்றும் இறக்கியபின், நெம்பும் இடத்திற்கு எதிர்ப்புற விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அழுத்தினால் இப்புறம் தளர்ந்து எளிதில் வெளிவரும். சவர்க்கார நீர் தடவலாம். மண்ணெண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும் (பால் வெட்டுவோருக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை). மாட்டும்போது டியூபில் சிறிதளவு காற்றிருக்கட்டும். வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வருகே முடிக்கவேண்டும். டயரிலுள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டவேண்டும்.

இனி எடைச் சமநிலை. காற்றடைத்த முன்சக்கரத்தை அதன் அச்சுடன் இரு முக்காலிகளுக்கிடையே தாங்கவைத்து மெல்லச் சுழற்றினால், கனமான பகுதி கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் மேலுள்ள ஆரக்கம்பியில் சிறிது ஈயக்கம்பியை இறுகச் சுற்றுக. எந்நிலையில் விட்டாலும் சக்கரம் அசையாது நிற்கும்வரை இவ்வாறு செய்தல் வேண்டும்.

பொருத்தியபின் அச்சு மரையை முறுக்கி, பிரேக் பிடிக்கின்றதா எனப் பார்த்த பின்னரே சாலைக்குச் செல்க.