வாங்கினால் சொந்தம், சந்தா கட்டினால்?

சாஃப்ட்வேர் என்றால் ஒரு பெட்டி, உள்ளே சிடி, அதன் உறையில் சீரியல் நம்பர். ஒரு முறை காசு கொடுத்தால் போதும். அச்சகங்களும் விளம்பர நிறுவனங்களும் பழகிப்போயிருந்த இந்த ஏற்பாட்டுக்கு 2013 மே மாதம் முற்றுப்புள்ளி வைத்தது அடோபி. ஃபோட்டோஷாப், இன்டிசைன் முதலானவற்றின் புதிய பதிப்புகள் இனி சந்தா கட்டுவோருக்கு மட்டுமே என்று அறிவித்தது. அப்போது நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஹைதராபாத்தில் பிறந்து உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்த ஷாந்தனு நாராயண்.

வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். லாபமும் சரிந்தது: 2012 நிதியாண்டில் சுமார் 83 கோடி டாலர், அடுத்த ஆண்டு 29 கோடி. ஆனாலும் அடோபி மசியவில்லை. 2013இல் ஏறக்குறைய 400 கோடி டாலராக இருந்த அதன் ஆண்டு வருமானம் 2023இல் 1,900 கோடியைத் தாண்டியது.

வாங்குபவரின் கணக்கு வேறு. அன்று ஃபோட்டோஷாப்பின் விலை 699 டாலர். சந்தாவோ மாதம் 20 டாலர். மூன்று ஆண்டுகளுக்குள் பழைய விலையைக் கட்டி முடித்துவிடலாம், ஆனால் கட்டுவது முடியாது. புதிய பதிப்பு ஒவ்வொன்றும் உடனே வேண்டும் என்பவருக்கு இது லாபம்தான். பழைய முறையில் அவர் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக அழ வேண்டியிருந்தது.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சிறு அச்சகத்துக்கு அந்த அவசரம் ஏது? சந்தாவில் அவர் இழப்பது, "இருப்பதே போதும்" என்று நிறுத்திக்கொள்ளும் உரிமையை. பணம் நின்றால் சாஃப்ட்வேரும் நின்றுவிடும். தானே வடிவமைத்த இன்டிசைன் ஃபைலைக்கூடத் திறந்து திருத்த முடியாது. நடுவில் விலகுவதும் சுலபமில்லை. ஆண்டுத் திட்டத்தில் சேர்ந்து மாதாமாதம் கட்டுபவர் முன்கூட்டியே விலகினால், மீதித் தவணைகளில் பாதியைத் தர வேண்டும். இந்த நிபந்தனையை மறைத்து வைத்ததாக 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடர்ந்தது.

பெட்டியில் வாங்கியதும் சாசுவதம் என்று சொல்லிவிட முடியாது. 2005இல் வெளியான சிஎஸ்2 தொகுப்பை இன்ஸ்டால் செய்ய அடோபியின் சர்வர் அனுமதி தர வேண்டும். அந்த சர்வரை நிறுவனம் நிறுத்தியபோது, அனுமதி தேவைப்படாத பிரதியைத் தந்து சமாளித்தது. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7க்கு இந்தத் தொல்லையே இல்லை. சீரியல் நம்பர் போதும். அதற்காகவே பழைய கம்ப்யூட்டரைத் தட்டிக்கொட்டி ஓட்டிக்கொண்டிருக்கும் அச்சகங்கள் உண்டு.