தாயறியாது சென்ற மகன்

ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றிற் பாடிய மூதின்மகளை மாணாக்கர் அறிவர். கணவனைப் போரில் இழந்த மறுநாளே பறையொலி கேட்டு, ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவி, வேல் கொடுத்தனுப்பியவள் அவள். பல்லாண்டுகளாக யான் அப்பாட்டைப் பெருமிதத்துடனே பாடஞ் சொல்லிவந்தேன். ஐசாக் ரோசன்பேர்க்கின் வரலாற்றைக் கற்றபின் என் குரல் அவ்வாறு எழுவதில்லை.

கிழக்கு இலண்டனில் வறிய யூதக் குடும்பத்தில் வளர்ந்த அவ்விளைஞர் ஓவியர், கவிஞர், போரை வெறுத்தவர். ஆயினும், தாய்க்கு உதவிப்பணங் கிடைக்குமென நம்பி, 1915இல் அவளுக்குச் சொல்லாமலே காலாட்படையிற் சேர்ந்தார். 1916இல் போர்க்கள அகழியிலிருந்து எழுதிய கவிதையொன்றில், ஆங்கிலர் கையையும் செருமானியர் கையையும் வேறுபாடின்றித் தீண்டும் எலியைப் பாடினார். பகைமை அறியாத உயிர் ஆங்கு அஃதொன்றே போலும்! 1918 ஏப்ரில் 1ஆம் நாள் விடியற்போதில், பிரான்சின் அராஸ் நகருக்கணித்தாக, 27 வயதில் மடிந்தார். 1985இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்திற் பதித்த நினைவுக்கல்லில், அப்போர்க்காலக் கவிஞர் 16 பேருள் அவர் பெயரும் உளது.

அங்கே தாய் மகனை அனுப்பினாள். இங்கே மகன் தாய்க்காகவே, அவளறியாது சென்றான். வேலேந்திச் சென்ற சிறுவன் மீண்டானா என்பதை மாசாத்தியார் சொல்லவில்லை. முன்னர் யானும் வினவியதில்லை. இப்போது அவ்வினாவோடுதான் பாடத்தை முடிக்கின்றேன்.