துப்பாக்கிக் கடையில் பதினோராம் கட்டளை

கடைக்கு வருகிறவர் பணத்தை நீட்டுகிறார்; கடைக்காரர் பொருளை எடுத்துத் தருகிறார்; இருவரும் தத்தம் வழியே செல்கின்றனர். வணிகம் என்பது இவ்வளவுதானா? வாங்க வந்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதும், அவர் குரலில் உள்ள நடுக்கத்தைக் கவனிப்பதும் விற்பவரின் கடமையில் அடங்குமா? அரிசி பருப்பு விற்பவருக்கு இக்கேள்வி அவ்வளவு முக்கியமாகத் தோன்றாதிருக்கலாம். உயிரைப் போக்கக்கூடிய பொருளை விற்பவர் இதிலிருந்து தப்ப இயலாது. அமெரிக்க நாட்டுத் துப்பாக்கிக் கடைக்காரர் சிலர் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். தொலைதூரத்துச் செய்தியாயினும், அது நம் வீட்டு வாசல்வரை வந்து நிற்கும் செய்தியே.

கடையும் சட்டமும்

நம் நாட்டில் துப்பாக்கி உரிமம் பெற விரும்புவோர் அரசு அலுவலகத்தில் விண்ணப்பித்து நெடுநாள் காத்திருக்கவேண்டும். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தூண்டில், கூடாரம், வேட்டை உடை ஆகியவை விற்கும் விளையாட்டுப் பொருட்கடைகள் பலவற்றில் துப்பாக்கியும் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். மான் வேட்டைக் காலம் நெருங்கும்போது தந்தையும் மகனும் சேர்ந்து கடைக்கு வருவது பல ஊர்களில் குடும்ப வழக்கம்.

உரிமம் பெற்ற கடைக்காரர் எவருக்கும் கேட்டவுடன் கொடுத்துவிட முடியாது. வாங்குபவர் அரசுப் படிவம் ஒன்றை நிரப்பிக் கையொப்பமிடவேண்டும். 1998 நவம்பர் முதல், அவர் பெயர் மத்திய அரசின் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. கடுங்குற்றத்திற்குத் தண்டனை பெற்றவரா, நீதிமன்ற ஆணையின்பேரில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரா என்பன போன்றவை ஆராயப்படுகின்றன. பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை வந்துவிடும்.

ஆனால் ஏட்டில் ஏறாத துயரத்தை எந்தப் பதிவேடும் அறியாது. நேற்று வேலை இழந்தவரும், இன்று காலை மனைவி பிரிந்துசென்றவரும் அந்தச் சோதனையில் எளிதில் தேறிவிடுவர். அவர்களை நேரில் காணும் ஒரே மனிதர், கடைக்காரர்.

ஒரே வாரம், மூன்று உயிர்கள்

நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஹூக்செட் என்னும் ஊரில் ரைலி விளையாட்டுப் பொருட்கடை பெயர்பெற்றிருந்தது. அதன் உரிமையாளர் ரால்ப் டெமிகோ. 2009-ஆம் ஆண்டில், ஒரு வாரத்திற்கும் குறைந்த காலத்திற்குள், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூவர் அவர் கடையில் துப்பாக்கி வாங்கினர். மூவரும் வாங்கிய சில மணி நேரத்திற்குள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர்.

விற்பனையில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆகவே, “என் கணக்குச் சரியாக இருக்கிறது, மற்றது என் பொறுப்பன்று” என்று டெமிகோ ஒதுங்கியிருக்கலாம். அவரால் அப்படி ஒதுங்க இயலவில்லை. துப்பாக்கிப் பாதுகாப்புக்காக அம்மாநிலத்தில் இயங்கிவந்த கூட்டமைப்பின் எலைன் பிராங்க், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் காத்தி பார்பர் முதலியோருடன் அவர் அமர்ந்து பேசினார். துப்பாக்கி உரிமைக்காக வாதாடுவோரும், பொதுச் சுகாதாரத் துறையினரும் பொதுவாக எதிரெதிர் அணியில் நிற்கும் நாடு அது. அங்கே இவ்விரு சாராரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தது வியப்புக்குரியது. சட்டத்தை மாற்றுவது பற்றி அவர்கள் வழக்காடவில்லை. சாக எண்ணி வருகிறவரைக் கடையிலேயே இனம் காண்பது எவ்வாறு என்றே ஆராய்ந்தனர்.

இவ்வாறு பிறந்ததே ‘துப்பாக்கிக் கடைத் திட்டம்’. கடைக்காரர்களுக்கு அது தந்த குறிப்புகள் எளியவை. வந்தவருக்குத் துப்பாக்கியைப்பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. எந்த வகையானாலும் சரி என்கிறார். அதைத் துடைப்பது, பேணுவது பற்றிக் கேட்பதில்லை. தோட்டா அதிகம் வேண்டாம் என்கிறார். மணமுறிவு, வேலையிழப்பு போன்ற அண்மைத் துயரம் பேச்சில் தலைகாட்டுகிறது. இத்தகையவரைக் கண்டால் அவசரப்படாதீர்கள், பேச்சுக் கொடுங்கள், உள்மனம் தயங்கினால் விற்காதீர்கள், விற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை என்று அக்குறிப்புகள் கூறின. வாங்குவோர் கண்ணில் படும்படி உதவித் தொலைபேசி எண் கொண்ட சுவரொட்டிகளும் அனுப்பப்பட்டன. சில மாதங்கள் கழித்து முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தபோது, ஏறக்குறையப் பாதிக் கடைகளில் அவை வைக்கப்பட்டிருந்தன. பின்னர் வேறு பல மாநிலங்களும் இத்திட்டத்தைப் பின்பற்றின.

பதினோராவது கட்டளை

துப்பாக்கி வைத்திருப்போரிடையே ‘பாதுகாப்பின் பத்துக் கட்டளைகள்’ என்றொரு பட்டியல் வழங்கிவருகிறது. துப்பாக்கியின் வாயை எப்போதும் ஆபத்தற்ற திசையில் வைப்பது போன்ற விதிகள் அதில் உண்டு. அக்கூட்டமைப்பினர் அத்துடன் பதினோராவது கட்டளை ஒன்றைச் சேர்த்தனர்: வீட்டில் ஒருவர் மனம் உடைந்து உயிரை வெறுக்கும் நிலையில் இருந்தால், அவர் தேறும்வரை துப்பாக்கியை வீட்டைவிட்டு அப்புறப்படுத்திப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவேண்டும்.

இக்கட்டளைக்குக் காரணம் உண்டு. நியூ ஹாம்ஷயரில் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டோரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பத்தில் ஒருவரே ஒரு வாரத்திற்குள் அதை வாங்கியவர் அல்லது வாடகைக்கு எடுத்தவர் எனத் தெரிந்தது. ஆகவே கடைக்காரர் காக்கக்கூடியவர் சிலரே. எஞ்சியோரைக் காக்கும் பொறுப்பு இல்லத்தாருடையது.

“சாகத் துணிந்தவனை யார் தடுக்க முடியும்? இது இல்லாவிட்டால் வேறொன்று” என்று நம்மவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இக்கூற்று தவறு. சாகும் வேகம் பலருக்குச் சில நிமிடங்களோ சில மணிகளோதான் நீடிக்கிறது. முயன்று பிழைத்தவர்களுள் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்பது ஆய்வுகள் காட்டும் உண்மை. அந்த வேகம் தணியும்வரை கைக்கெட்டாத் தொலைவில் ஆயுதம் இருந்தால், ஓர் உயிர் நிலைக்கும்.

செவிசாய்க்காத கடை

எல்லாக் கடைக்காரரும் டெமிகோவைப்போல் இருந்துவிடவில்லை. 2012 ஜூன் மாதம் மிசூரி மாநிலத்தில் ஒரு தாய், கடை ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தார். மனநோயால் அவதியுறும் தம் மகள் வருவாள், அவளுக்குத் துப்பாக்கி விற்கவேண்டாம் என்று மன்றாடினார். மகளைப்பற்றிய விவரங்களையும் தெரிவித்தார். இரண்டு நாட்கள் கழித்து மகள் வந்தாள், கடை விற்றது. அன்றே அவள் தன் தந்தையைச் சுட்டுக் கொன்றாள். தாய் வழக்குத் தொடுத்தார். துப்பாக்கி வணிகருக்குப் பெரும் பாதுகாப்பளிக்கும் 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இருந்தும், வழக்கு நடைபெறலாம் என 2016-இல் மிசூரி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே 22 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. அத்தொகை கணவரையும் மீட்டுத்தரவில்லை, மகளையும் மீட்டுத்தரவில்லை.

பெருநிறுவனம் ஒன்றும் தன் மனச்சான்றைச் சோதித்ததுண்டு. 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலத்தின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்ட இளைஞன் முன்னர்த் தம் கடையில் முறைப்படி ஒரு துப்பாக்கி வாங்கியிருந்ததை ‘டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ்’ நிறுவனம் பதிவேட்டில் கண்டது. கொலைக்குப் பயன்பட்டது அதுவன்று. எனினும் இரண்டு வாரத்திற்குள், போர்க்கள வகைத் துப்பாக்கிகளை இனி விற்பதில்லை என்றும், 21 வயதுக்குட்பட்டோருக்கு எத்துப்பாக்கியும் தருவதில்லை என்றும் அதன் தலைவர் எட்வர்ட் ஸ்டாக் அறிவித்தார். கையிருப்பில் இருந்த ஏறத்தாழ 50 லட்சம் டாலர் மதிப்புள்ள துப்பாக்கிகள் உடைத்து இரும்புத் துண்டுகளாக்கப்பட்டன. வாடிக்கையாளர் பலர் வெகுண்டு விலகினர். ஊழியர் சிலரும் வேலையை விட்டனர். நட்டம் தெரிந்தே எடுத்த முடிவு அது.

நம் வீட்டில்

நம் இல்லங்களில் துப்பாக்கி அரிது. ஆனால் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து திண்ணையிலும் மாட்டுத் தொழுவத்திலும் கிடப்பதில்லையா? கடன் தொல்லை, தேர்வுத் தோல்வி, கணவன் மனைவி சச்சரவு ஆகியவற்றின் சூட்டில் எத்தனை கைகள் அதை நோக்கி நீண்டுள்ளன! நியூ ஹாம்ஷயர் கற்றுக்கொண்ட பாடம் இங்கும் பொருந்தும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. இலங்கை அரசு 1995 முதல் கொடிய நஞ்சுகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. அதன் பின்னர் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவிடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முயற்சியை, 1986-இல் சென்னையில் ‘சினேகா’ அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்டு நற்பயன் கண்டனர்.

ஆகவே, குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, இன்றே உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள்; மீந்ததை வைத்திருக்காதீர்கள். வீட்டில் எவரேனும் உண்ணாமல், உறங்காமல், பேசாமல் இருந்தால், “சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று அன்போடு நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனச்சுமை இறங்கவே வழி பிறக்கும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண் எந்நேரமும் கிடைக்கும். உரக்கடை நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: அறிமுகமற்ற ஒருவர் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று சொல்லத் தெரியாமல் நஞ்சு கேட்டால், கல்லாவைவிட்டு எழுந்து வாருங்கள், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசுங்கள். அன்றைக்கு ஒரு விற்பனை குறையலாம். மறுநாள் காலையில் அவர் தம் பிள்ளைகளோடு உயிருடன் இருப்பார்.