ஊர் விழாவில் வேட்பாளர்: விருந்தினர் எப்போது பிரசாரகர் ஆகிறார்? விதிகள் கூறுவது என்ன?

புதுடெல்லி: மக்களவைத் தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர்களின் அன்றாட நிகழ்ச்சி நிரலில் பொதுக்கூட்டங்களுடன் கோயில் திருவிழா, திருமணம், இரங்கல் நிகழ்ச்சி, கிரிக்கெட் போட்டி, ரத்ததான முகாம் ஆகியவையும் இடம்பெறுகின்றன. இவற்றில் வேட்பாளர் பங்கேற்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால், செலவு செய்தவர் யார், அங்கு என்ன பேசப்பட்டது, எந்த நாளில் அது நடந்தது என்ற மூன்று கேள்விகளுக்கான விடையைப் பொறுத்து, அதே நிகழ்ச்சி தேர்தல் செலவாகவும், சில வேளைகளில் வெற்றியையே ரத்து செய்யும் குற்றமாகவும் மாறக்கூடும்.

ஏன் இந்த நிகழ்ச்சிகளுக்கு முக்கியத்துவம்?

2024 மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளில் ஏறத்தாழ 97 கோடி பேர் வாக்காளர்களாகப் பதிவு பெற்றிருந்தனர். சராசரியாக ஒரு தொகுதிக்குப் பதினேழு லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். வேட்பு மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள்கள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இந்தக் குறுகிய காலத்தில் வீடு வீடாகச் சென்று அனைவரையும் சந்திப்பது இயலாத செயல். எனவே, மக்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடத்திற்கு வேட்பாளர் செல்வது இயல்பாகிறது.

2024 ஏப்ரல் 11 முதல் 17 வரையிலான ஒரே வாரத்தில் ரமலான் பெருநாள், வைசாகி, விஷு, பிஹு, அம்பேத்கர் பிறந்த நாள், ராம நவமி ஆகியவை அடுத்தடுத்து வந்தன. முதற்கட்ட வாக்குப்பதிவு ஏப்ரல் 19-ஆம் தேதி நடைபெற்றது. கேரளத்தின் புகழ்பெற்ற திருச்சூர் பூரமும் அதே ஏப்ரல் 19-ஆம் தேதி நடைபெற, அங்கு வாக்குப்பதிவு ஒரு வாரம் கழித்து ஏப்ரல் 26-ஆம் தேதி நடந்தது. பூரத்தின்போது காவல்துறை விதித்த கட்டுப்பாடுகள் அத்தொகுதியின் பிரசாரத்தில் முக்கியப் பேசுபொருளாகின.

விருந்துச் செலவு யாருடையது?

மக்களவை வேட்பாளர் ஒருவர் பெரிய மாநிலங்களில் அதிகபட்சமாக ரூ.95 லட்சம் வரை செலவிடலாம். அருணாச்சலப் பிரதேசம், கோவா, சிக்கிம் மற்றும் சில யூனியன் பிரதேசங்களில் இந்த வரம்பு ரூ.75 லட்சம். இவ்வரம்புகள் 2022 ஜனவரியில் உயர்த்தப்பட்டவை. அதற்கு முன்பு அவை முறையே ரூ.77 லட்சம், ரூ.59.4 லட்சமாக இருந்தன.

குருத்வாராவின் லங்கர் போன்று, சமய நிறுவனங்கள் தங்கள் வழக்கப்படி நடத்தும் அன்னதானத்திலோ, திருமணம் போன்ற குடும்ப நிகழ்ச்சிகளிலோ வேட்பாளர் சாதாரண விருந்தினராகக் கலந்துகொண்டால், அச்செலவு அவரது கணக்கில் சேராது. அவர் அந்த விருந்துக்குப் பணம் கொடுத்திருந்தாலோ, அங்கு அரசியல் பிரசாரம் நடந்தாலோ நிலை மாறிவிடும். வாக்காளர்களைக் கவர்வதற்காகவே நடத்தப்படும் விருந்து எந்தப் பெயரில் நடந்தாலும், அதில் வேட்பாளர் பங்கேற்றால், முழுச் செலவும் அவர் கணக்கில் சேர்க்கப்படும். தேர்தல் ஆணையத்தின் செலவினக் கண்காணிப்பு அறிவுறுத்தல்கள் கூறும் வேறுபாடு இதுவே.

செலவைக் கணக்கில் காட்டுவதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 123(1) பிரிவின்படி, வாக்கைப் பெறும் நோக்கில் வேட்பாளரோ, அவரது முகவரோ, அவர்களது ஒப்புதலுடன் வேறு எவருமோ பரிசு வழங்குவதும், வழங்குவதாக உறுதியளிப்பதும் லஞ்சமாகும். ரொக்கம் மட்டுமின்றி, எல்லா வகைக் கேளிக்கைகளும் இந்த வரையறைக்குள் வருகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும், உணவு, பானம், கேளிக்கை அளித்து வாக்காளரை ஈர்ப்பதைத் தேர்தல் லஞ்சத்தின் ஒரு வடிவமாகவே கருதுகிறது.

மேடையில் எதைப் பேசலாம்?

கோயிலிலோ, பள்ளிவாசலிலோ, தேவாலயத்திலோ வேட்பாளர் வழிபடுவது அவரது உரிமை. ஆனால், வழிபாட்டுத் தலங்களைப் பிரசார மேடையாகப் பயன்படுத்தக் கூடாது என்பது நடத்தை விதிகளின் அடிப்படை அம்சங்களுள் ஒன்று. 2024 தேர்தலுக்கு முன்பு, மார்ச் 1-ஆம் தேதி கட்சிகளுக்கு அனுப்பிய அறிவுரையில் ஆணையம் இதை மீண்டும் வலியுறுத்தியது.

அபிராம் சிங் வழக்கில் 2017 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு வழங்கிய தீர்ப்பு இதில் முக்கியமானது. வேட்பாளரின் மதம், சாதி, இனம், மொழி ஆகியவற்றை மட்டுமல்லாமல், வாக்காளரின் மதம், சாதி, மொழியைச் சுட்டி வாக்குக் கேட்பதும் ஊழல் நடவடிக்கையே என நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். மூன்று நீதிபதிகள் மாறுபட்டனர். சமூக மாநாட்டு மேடையில் ஏறும் எந்த வேட்பாளருக்கும் இத்தீர்ப்பு நேரடியாகப் பொருந்தும்.

குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும் வேட்பாளரின் காட்சி இந்தியத் தேர்தல்களில் நெடுங்காலமாகப் பழகிப்போன ஒன்று. பிரசாரத்தில் குழந்தைகளைத் தூக்கிவைத்திருப்பது, வாகனத்தில் ஏற்றிச் செல்வது, முழக்கமிடச் செய்வது ஆகியவற்றுக்கு 2024 பிப்ரவரி 5-ஆம் தேதி ஆணையம் தடை விதித்தது. கட்சிப் பணியில் ஈடுபடாமல், பெற்றோருடன் வரும் குழந்தை தலைவர் ஒருவரின் அருகில் இருப்பது மட்டும் விதிமீறலாகாது.

கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது?

விதிகளின் பெரிய இடைவெளி இங்குதான் உள்ளது. சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி, வேட்பு மனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரையிலான செலவுகளே வேட்பாளரின் கணக்கில் சேரும். முன்கூட்டியே வாங்கி, மனு தாக்கலுக்குப் பின் பயன்படுத்தும் பொருள்களின் செலவும் இதில் அடங்கும். ஆனால், ஆறு மாதங்களுக்கு முன்பு ஒருவர் நடத்திய மருத்துவ முகாமோ, இலவசத் திருமண விழாவோ, பரிசுக் கோப்பைப் போட்டியோ இவ்வரம்புக்குள் வராது.

சட்டம் எப்போதும் இவ்வாறு இருக்கவில்லை. தேர்தலை எதிர்நோக்கி, தம்மை வேட்பாளராக வெளிக்காட்டிக்கொள்ளத் தொடங்கிய நாள் முதலே ஒருவர் வேட்பாளராகக் கருதப்பட்ட காலம் உண்டு. இந்திரா காந்தி 1970 டிசம்பர் 29-ஆம் தேதியே தம்மை வேட்பாளராக வெளிப்படுத்தினார் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. 1975 ஜூன் 12-ஆம் தேதி ரேபரேலி தொகுதியில் அவர் பெற்ற வெற்றியை அது ரத்து செய்ததில் இம்முடிவுக்கு முக்கியப் பங்கு இருந்தது. அவர் மனு தாக்கல் செய்தது 1971 பிப்ரவரி 1-ஆம் தேதி. 1975-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் நிறைவேற்றப்பட்ட திருத்தம், முறையாக மனு தாக்கல் செய்தவரே வேட்பாளர் என வரையறையை முன்தேதியிட்டு மாற்றியது. திருத்தப்பட்ட சட்டத்தின் அடிப்படையில் 1975 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவரது வெற்றியை உறுதி செய்தது. ஒரு வழக்கை ஒட்டி எழுந்த அந்த வரையறை இன்றும் எல்லா வேட்பாளர்களுக்கும் பொருந்துகிறது.

தேர்தல் அறிவிக்கை வெளியாகும் நாள் முதலே செலவைக் கணக்கிட வேண்டும் என்று 2015-இல் சட்ட ஆணையம் தனது 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஆனால் 77-ஆவது பிரிவு மாறவில்லை. கட்சிகளின் செலவுக்கோ உச்சவரம்பே இல்லை.

இதன் விளைவைச் சுமப்பவர் வசதி குறைந்த வேட்பாளர். பல ஆண்டுகள் ஊரின் குடிநீர்ப் பிரச்சினைக்காகப் போராடியவரும், தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு வந்து விழாக்களுக்கு நிதி வழங்கியவரும் செலவு விதிகளின் பார்வையில் சமமானவர்களே. இருவரின் கணக்கும் மனு தாக்கல் நாளன்றுதான் தொடங்குகிறது.

பதவியில் உள்ள எம்.பி.க்கு என்ன கட்டுப்பாடு?

நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் உள்ளூர் மேம்பாட்டு நிதியின் கீழ் ஆண்டுக்கு ரூ.5 கோடி மதிப்புள்ள பணிகளைப் பரிந்துரைக்கலாம். சமுதாயக் கூடம், பள்ளிக் கட்டடம், குடிநீர் வசதி ஆகியவை இதன் மூலம் கிடைக்கின்றன. தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தவுடன் இந்நிதியில் புதிய பணிகளைத் தொடங்க இயலாது. ஏற்கெனவே தொடங்கப்பட்ட பணிகள் தொடரலாம். அடிக்கல் நாட்டுதலும் புதிய திட்டங்களை அறிவிப்பதும் அமைச்சர்களுக்குத் தடை செய்யப்படுகின்றன.

கண்காணிப்பவர் யார்?

பறக்கும் படை, நிலையான கண்காணிப்புக் குழு, வீடியோ கண்காணிப்புக் குழு ஆகியவை ஒவ்வொரு தொகுதியிலும் இயங்குகின்றன. பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, உணவு ஆகியவற்றுக்கு மாவட்ட அளவில் விலைப் பட்டியல் நிர்ணயிக்கப்படுகிறது. வீடியோவில் பதிவான பொருள்கள் அவ்விலையில் மதிப்பிடப்பட்டு, நிழல் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. வேட்பாளர் காட்டும் கணக்கு அதனுடன் ஒப்பிடப்படும்.

முடிவு வெளியான 30 நாள்களுக்குள் வேட்பாளர் தமது கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். உரிய காரணமின்றித் தவறினால், 10ஏ பிரிவின் கீழ் மூன்று ஆண்டுகள் தகுதியிழப்பு நேரலாம். ஊழல் நடவடிக்கை குறித்து, முடிவு வெளியான 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம். குற்றச்சாட்டு உறுதியானால் வெற்றி ரத்தாவதுடன், ஆறு ஆண்டுகள் வரை தகுதியிழப்பும் ஏற்படலாம்.

வாக்காளர் செய்யக்கூடியது என்ன?

பரிசு வழங்குதல், பணப் பட்டுவாடா போன்ற விதிமீறல்களை ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமாகவோ வீடியோவாகவோ பதிவேற்றலாம். புகார் மீது 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை எடுப்பதே அதன் இலக்கு. வேட்பாளர்களின் சொத்து, குற்ற வழக்கு விவரங்கள் அடங்கிய பிரமாணப் பத்திரங்களும், தேர்தலுக்குப் பின் அளிக்கப்படும் செலவுக் கணக்குகளும் பொதுமக்களின் பார்வைக்குக் கிடைக்கின்றன.

ஆனால், மனு தாக்கலுக்கு முந்தைய மாதங்களுக்கு இத்தகைய பதிவேடு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஊர் விழாவுக்கு வந்தவர் யார், செலவை ஏற்றவர் யார், விழா முடிந்த பின்னும் ஊருக்குத் திரும்பி வந்தவர் யார் என்பதை அறிந்தவர்கள் அவ்வூர் வாக்காளர்கள் மட்டுமே.