தெரு மரம் சாய்ந்தால் யாரிடம் சொல்வது? வெட்டுவது யார்? நடுவது யார்? முழு விவரம்

சென்னை:

சாயங்காலம் வரை ஆட்டோ ஸ்டாண்டுக்கு நிழல் கொடுத்த மரம், ராத்திரி அடித்த காற்றில் அதே ஆட்டோக்கள் மேல் சாய்ந்து கிடக்கும். மழைக்காலம் வந்தாலே சென்னையில் இது வாடிக்கையான காட்சி.

"எப்ப விழுமோன்னு பயமா இருக்கு, வெட்டிட்டா நிம்மதி" என்பார் மரத்தை ஒட்டி வீடு உள்ளவர். "வெட்டிட்டா நான் எங்கே நிக்கிறது?" என்பார் மர நிழலில் இஸ்திரி வண்டி போட்டு பிழைப்பவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மரத்தை வெட்டாமலேயே ஆபத்தை தடுக்க முடியும். அதற்கு, மரம் யார் கணக்கில் இருக்கிறது, ஏன் சாய்கிறது, யாரிடம் புகார் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

யாருடைய மரம்?

தெருவில் நிற்கும் மரம் எல்லாமே மாநகராட்சி மரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

மாநகராட்சி தெருக்களிலும், மாநகராட்சி பராமரிக்கும் ரோடுகளிலும் உள்ள மரங்களை மாநகராட்சியின் பூங்கா துறை கவனிக்கிறது. கிளை வெட்டுவது, சாய்ந்த மரத்தை அகற்றுவது, புதிய கன்று நடுவது எல்லாம் இவர்கள் வேலை.

நெடுஞ்சாலை ரோட்டோர மரங்கள் நெடுஞ்சாலைத்துறைக்கு சொந்தம். வெளியூர் ரோட்டில் புளிய மரங்களில் நம்பர் எழுதியிருப்பதை பஸ்சில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அந்த கணக்கு நெடுஞ்சாலைத்துறை கணக்கு. புளி பறிக்க ஏலம் விடுவதும் அவர்கள்தான்.

ஏரி, ஆற்றுக்கரை மரம் என்றால் நீர்வளத்துறை. ரெயில்வே இடத்தில் இருந்தால் ரெயில்வே. வீட்டு காம்பவுண்டுக்குள் நிற்கும் மரத்துக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

இதில் மின்வாரியமும் வருகிறது. மின்கம்பியில் உரசும் கிளைகளை அவர்கள் வெட்டுவார்கள். மாதாந்திர பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்தும் நாளில் நடக்கும் முக்கிய வேலைகளில் இதுவும் ஒன்று.

வெட்ட அனுமதி வேண்டும்

மரம் மாநகராட்சி மரம் என்பதால் மாநகராட்சி ஊழியர் நினைத்த நேரத்தில் அதை அடியோடு வெட்டிவிட முடியாது.

அரசு இடங்களில் உள்ள மரங்களை வெட்டுவதற்கு தமிழ்நாட்டில் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டு உள்ளன. மாவட்ட பசுமைக் குழுவுக்கு கலெக்டர்தான் தலைவர். மரத்தை ஏன் வெட்ட வேண்டும், வேறு வழி இல்லையா என்று பார்த்து இந்த குழு அனுமதி கொடுக்கும். வெட்டும் ஒரு மரத்துக்கு பதில் 10 மரக்கன்று நட வேண்டும் என்ற நிபந்தனையும் போடப்படுகிறது.

சாய்ந்து விழுந்த மரம், போக்குவரத்தை மறித்து கிடக்கும் மரம் என்றால் கதை வேறு. அதை உடனே அறுத்து அகற்றுவார்கள். தேவைப்பட்டால் தீயணைப்பு வீரர்களும் வருவார்கள்.

ஆபத்தான கிளையை மட்டும் கழிப்பதற்கு பூங்கா துறை ஊழியர் வந்து பார்த்தாலே போதும். ஆகவே "மரத்தையே எடுங்க" என்று கேட்பதைவிட, "இந்த கிளையை கழிச்சு விடுங்க" என்று கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். மரமும் பிழைக்கும், நிழலும் மிஞ்சும்.

மரம் ஏன் சாய்கிறது?

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் சென்னையை புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல தெருக்களில் நடந்து போகக்கூட வழி இல்லை. நாள் கணக்கில் கரண்ட் இல்லை.

அப்போது அதிகமாக விழுந்தவை சிவப்பு பூ பூக்கும் மயிற்கொன்றை, மஞ்சள் பூ கொட்டும் பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற வேகமாக வளரும் மரங்கள். வேம்பு, புங்கன், பூவரசு மாதிரியான நம்ம ஊர் மரங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

ஆனால் பழியை காற்று மேலும் மரத்தின் ஜாதி மேலும் மட்டும் போட முடியாது. நாம் செய்யும் காரியமும் இருக்கிறது.

பக்கவாட்டில் பரவி மண்ணைப் பிடிக்கும் வேர்கள்தான் மரத்தை தாங்குகின்றன. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது அந்த வேர்களை ஒரு பக்கமாக அறுத்து விடுகிறார்கள். வெளியே பார்த்தால் மரம் பச்சையாகத்தான் நிற்கும். மழையில் மண் இளகியதும், வேர் இல்லாத பக்கம் பிடிமானம் போய் மரம் கவிழ்ந்து விடும்.

கே.கே.நகரில் 2022-ம் ஆண்டு ஜூன் மாதம், ரோட்டில் வந்த கார் மீது மரம் வேரோடு சாய்ந்தது. காரில் இருந்த பெண் பரிதாபமாக இறந்தார். மழைநீர் வடிகால் பணிக்கு தோண்டிய பள்ளம்தான் காரணம் என்று பொதுமக்கள் குற்றம் சாட்டினார்கள். மாநகராட்சி தரப்பில் அதை மறுத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு, பள்ளம் தோண்டும் இடத்தில் மரம் நின்றால் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தபடிதான் போகிறார்கள்.

அடுத்தது சிமெண்ட். பிளாட்பாரம் போடும்போது அடிமரம் வரை கல்லும் கான்கிரீட்டும் பதித்து விடுகிறார்கள். தண்ணீரும் காற்றும் உள்ளே போகாது. அடிமரம் பருக்க இடம் இருக்காது. மரத்தை சுற்றி குறைந்தது 3 அடிக்காவது மண்ணாக விட வேண்டும்.

கம்பிக்காக ஒரு பக்க கிளையை மட்டும் வெட்டினால் பாரம் முழுவதும் மறுபக்கம் போய்விடும். மர அடியில் குப்பையை கொளுத்தினால் பட்டை வெந்து உள்ளே அழுக ஆரம்பிக்கும்.

ஆணி அடித்தால் அபராதம்

டியூஷன் சென்டர், பி.ஜி. ஹாஸ்டல், "வீடு வாடகைக்கு" என்று மரத்தில் ஆணி அடித்து போர்டு மாட்டுவது சகஜமாகி விட்டது. ஆணி அடித்த ஓட்டை வழியாக பூச்சியும் பூஞ்சையும் உள்ளே போகும்.

மரத்தில் விளம்பர பலகை மாட்டினால் 25 ஆயிரம் ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை ஜெயில் என்று 2019-ம் ஆண்டு சென்னை மாநகராட்சி எச்சரிக்கை விடுத்தது. கடை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

பூங்கா இடம் பத்திரம்

தெருவில் மரம் நட இடம் குறைந்து கொண்டே வருகிறது. அதனால் பூங்கா இடங்களை காப்பாற்றுவதும் முக்கியம். சென்னை மாநகராட்சியிடம் 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் உள்ளன. பல பூங்காக்களின் பராமரிப்பு ஒப்பந்ததாரர்களிடம் விடப்பட்டு உள்ளது. சிலவற்றை குடியிருப்போர் சங்கங்களும் தனியார் நிறுவனங்களும் கவனிக்கின்றன. யார் பராமரித்தாலும் இடம் மாநகராட்சி இடம்தான்.

புது மனைப்பிரிவு போடும்போது, இடம் 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரோடு போக மீதியில் 10 சதவீதத்தை பூங்கா, விளையாட்டு திடலுக்காக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மனை வாங்குபவர்கள் லே-அவுட் வரைபடத்தில் 'பூங்கா' என்று போட்டிருக்கும் இடத்தை நேரில் போய் பார்ப்பது நல்லது. அங்கே வேலி போட்டு யாராவது வீடு கட்டிக் கொண்டிருந்தால் உஷாராக வேண்டும்.

பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை தனியார் ஆஸ்பத்திரிக்கு கொடுத்ததை எதிர்த்து அந்த பகுதி மக்களே வழக்கு போட்டார்கள். 1991-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பு கூறியது.

நட்டால் போதாது

மரக்கன்று நடும் அன்று கூட்டம் இருக்கும், போட்டோ இருக்கும். 3 மாதம் கழித்து போய் பார்த்தால் கம்பி கூண்டு மட்டும் இருக்கும். முதல் 2 கோடை தாண்டும் வரை கன்றுக்கு தண்ணீர் வேண்டும். வாசலில் கன்று வைத்தால், காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றினால்கூட அது பிழைத்துக் கொள்ளும்.

என்ன செய்ய வேண்டும்?

உங்கள் தெரு மரத்தில் கீழ்க்கண்ட அறிகுறிகள் தெரிந்தால் உடனே புகார் செய்யுங்கள்:

* திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்திருப்பது

* அடியில் மண் வெடித்து, வேர் தூக்கிக் கொண்டு இருப்பது

* அடிமரத்தில் காளான் முளைப்பது, பொந்து விழுவது

* காய்ந்த பெரிய கிளை தலைக்கு மேல் தொங்குவது

* வேரை ஒட்டி பள்ளம் தோண்டுவது

சென்னை மாநகராட்சி புகார் எண் 1913. 24 மணி நேரமும் பேசலாம். 'நம்ம சென்னை' செயலியிலும் போட்டோவுடன் புகார் செய்யலாம். புகார் எண்ணை கேட்டு வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். வார்டு அலுவலகத்திலோ கவுன்சிலரிடமோ போய் கேட்கும்போது அந்த எண் இருந்தால்தான் பேச்சுக்கு மதிப்பு.

மரம் மின்கம்பி மேல் விழுந்து கிடந்தால் பக்கத்தில் போகவே கூடாது. கிளையை இழுக்கவும் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 என்ற எண்ணுக்கு போன் செய்து, கரண்டை நிறுத்தியதை உறுதி செய்த பிறகுதான் மற்ற வேலை.

ஆள் வைத்து நாமே வெட்டிவிடலாம் என்று இறங்கினால் அபராதம், போலீஸ் புகார் என்று அலைய வேண்டி வரும்.

விழுந்த பிறகு போன் செய்தால் மரத்தை அறுத்து எடுத்துப் போக மட்டும்தான் முடியும். மழைக்கு முன்பு போன் செய்தால் மரமும் தப்பும், அதன் கீழே நிற்கும் ஆளும் தப்புவார். வேலைக்குப் போகும் வழியில் உங்கள் தெரு மரத்தின் அடியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள்.